தண்ணீர் உருண்டையும் கறுப்புப் புள்ளியும்

மூன்று நாடுகளில் கைமாறி வந்த ஸ்கேன் மெஷின் ஒன்று காலையிலிருந்து குழம்பிக் கிடந்தது. தபால்காரர் தலையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அடுத்து வந்த டிரைவர் தலையிலும் அதே இடத்தில் அதே புள்ளி. இனி வரப்போவது ஆறு மாதக் குழந்தை. புள்ளி தெரிந்தால் நாளைக்கே கத்தி வைத்துவிடுவார்கள்.

சர்வீஸ்காரர் வந்து, மெஷினைச் சோதிக்கும் தண்ணீர் உருண்டையை அதன் படுக்கையில் வைத்தார். பிறகு போனில் யாரிடமோ புது மெஷின் விலை பேசத் தொடங்கினார்.

"அண்ணே, புள்ளி அவங்ககிட்ட இருக்கா, என்கிட்டயா?" என்று உருண்டையிடம் கேட்டது மெஷின்.

"என் வயித்துல வெறும் தண்ணி. என்னைப் பாரு. புள்ளி தெரிஞ்சா அது உன்னோடது."

பார்த்தது. புள்ளி தெரிந்தது.

"ஐயோ, அப்ப என்னோடதுதானா?"

"இருடா, அவசரப்படாதே. ஏரோப்ளேன்ல உருண்டுக்கிட்டே வந்தேன். எனக்குள்ள காத்து புகுந்திருக்குமோ என்னவோ. அதுவும் கறுப்புப் புள்ளியாத்தான் தெரியும்."

"உறுதியாச் சொல்லுங்கண்ணே!"

"தெரியலையே. ஆனா நீ பழுதுன்னு வாயைத் திறந்தா, பெட்டியில அடைச்சு நாலாவது நாட்டுக்கு வித்துடுவாங்க. பேசாம இரு."

கதவு திறந்தது. சர்வீஸ்காரர் உருண்டையை எடுக்க, அந்த இடத்தில் தாய் குழந்தையைக் கிடத்தினாள். அது மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மெஷினுக்கு இன்னமும் ஒன்றும் விளங்கவில்லை. பழுது என்று காட்டும் சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டது.

"இன்னிக்கு எடுக்க முடியாதும்மா, மெஷின்ல கோளாறு" என்றார் சர்வீஸ்காரர்.

"அப்பாடா!" என்றாள் தாய். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை.