காதிலிருந்த பஞ்சு

செத்தவரிடம், முன்னே போனவர்களைத் தேடிச் சேரச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். பாட்டு இழுத்த இழுப்பில் சுருளியம்மாள் பாடிவிட்டாள்: "அங்க அய்யா இருப்பாரு, ஆத்தா இருப்பா, தங்கச்சி பவளக்கொடி தனியா நிப்பா, தேடிப்போயிச் சேந்துக்க என் தொரையே."

அழுகை சட்டென்று நின்றது. பவளக்கொடி உயிரோடு அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, மாத்திப் பாடுக்கா."

"எப்பிடித்தா மாத்துறது? அவருதான் கேட்டுட்டாரே." சுருளியம்மாள் செத்தவரின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

வாசலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். தூக்க வருவதற்குள் பவளக்கொடி குனிந்து, அண்ணன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அங்க என்னத் தேடாத. நான் இங்கதான், நம்ம வீட்லதான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான், இருக்கிற இடத்தைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது.