மறுக்கா ஒழுகுது

“ஏந்தம்பி, போன வாரந்தான் புது கேஸ்கெட் போட்டே. மறுக்கா ஆயில் ஒழுகுது பாரு!” என்று தேவதாஸ் சத்தம் போட்டார். “பாப்பா பொள்ளாச்சி பஸ்ல வாரா. சாயங்காலம் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயாகோணும்.”

மெக்கானிக் தம்பிதுரைக்கு முகம் சுண்டிப்போனது. இது மூன்றாவது முறை. ஐம்பது வருஷத்துக் கார்தான். ஆனாலும் வேறு எந்த வண்டியும் இப்படி அவன் மானத்தை வாங்கியதில்லை.

அடியில் படுத்துப் பார்த்தான். கேஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது. ஆயில் சேம்பர் போல்ட்டை யாரோ ஸ்பானர் வைத்துத் தளர்த்தியிருந்தார்கள்.

இறுக்கிவிட்டு எழுந்தவன், காபி கொண்டுவந்த தேவதாஸின் மனைவி கிளாடிஸிடம் மெதுவாகக் கேட்டான். “ஏனுங்கம்மா, ஊட்ல யாரோ போல்ட்டக் கழட்டறாங்களே?”

“நாந்தான் கண்ணு. வண்டி ஓடுச்சுன்னா உக்கடத்துல போய் நின்னுக்குவாரு. வார பஸ்ஸுக்குள்ளயெல்லாம் ஏறிப் பாப்பாவைத் தேடுவாரு.”

“எந்த பஸ்ஸுன்னு அவங்க சொல்லலீங்களா?”

“எங்க மக வந்த பஸ்ஸு கவுந்து ரெண்டு வருஷமாச்சு. இவரும் கையால மண்ணு போட்டாரு. அது மட்டும் அவரு நெனப்புல நிக்க மாட்டேங்குது.”

அதற்குள் தேவதாஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கையில் கார் சாவி, மறு கையில் பாப்பாவின் பூப்போட்ட குடை.

“சரியாயிருச்சா தம்பி?”

தம்பிதுரை ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் படுத்தான். இறுக்கிய போல்ட்டைத் தளர்த்தினான்.

“இல்லீங்கய்யா. இன்னும் ஒழுகுதுங்க.”