பதினோராவது மெயில்

“மறுபடியும் அந்தத் தடியெழுத்துக்காரரா?” முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஆமா சார். இது பதினோராவது மெயில்,” என்றாள் புரோகிராமர் பெண்.

மொத்தம் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் அது. யார் எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் காட்டும் செயலி ஒன்றைச் செய்து விற்றார்கள். ஒவ்வொரு வேலைக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரிதான் விழும். தடித்த எழுத்தோ நிறமோ கிடையாது.

“குறிப்பு எழுதற இடத்துல என்ன, கடைக்கு போர்டா எழுதப் போறாங்க? அழிச்சுடு.”

“ஒரு மெயிலையாவது முழுசாப் படிங்க சார்.”

“தலைப்பைப் பார்த்தாலே தெரியுதே, ‘தடித்த எழுத்து வேண்டும்’னு. அதுக்கு மேல என்ன இருக்கப்போகுது?”

அவள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே வாய்விட்டுப் படித்தாள்.

“‘நாங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறோம். நேற்றைய சமையல் வேலைக்கு எழுதிய குறிப்பு நாற்பது வரி. இருபத்தேழாவது வரியில், ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது என்று எழுதியிருந்தேன். பரிமாறுகிறவர் கண்ணில் அது படவில்லை. தட்டு பிள்ளையின் கைக்குப் போன பிறகு ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.’”

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரு இவரு? எந்த ஊரு?”

“போடலை சார். வாடிக்கையாளர் எண் மட்டும்தான் இருக்கு.”

“பெரிய மீசைக்காரரா இருப்பார் போல. விடமாட்டேங்கறாரே!” என்றவர் மேஜை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். “எத்தனை நாள் ஆகும்?”

“மூணு வாரம்.”

“செய். முடிஞ்சதும் அவரையே வரச்சொல்லு. முதல் ஆளா அவர்தான் பார்க்கணும்.”

பத்தொன்பது நாளில் முடித்தாள். பழைய போன்களில் நிறம் காணாமல் போய் மூன்று நாள் பாடாய்ப்படுத்தியது. அதையும் சரிசெய்துவிட்டுத்தான் மெயில் அனுப்பினாள்.

வந்து நின்றது மீசைக்காரர் அல்ல. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள்.

உட்கார்ந்ததும் தன் போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு வரி எழுதினார். அதன்மேல் விரலை அழுத்தி, பட்டனைத் தொட்டார். ‘வேர்க்கடலை ஆகாது’ என்ற எழுத்துகள் தடித்துச் சிவந்தன.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போனை எட்டப் பிடித்தும் பார்த்தார்.

“கண்ணாடி இல்லாமலே தெரியுதும்மா! இனிமே யாரு பரிமாறினாலும் எனக்குப் பயமில்லை.”

“நீங்க விடாம எழுதினீங்களே, அதனாலதான்.”

“எழுதினது பெரிசில்லை. நீ படிச்சே பாரு, அதுதான் பெரிசு. உன்னைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க.”

அவள் காது வரை சிவந்துபோனாள். மற்ற ஏழு பேரும் எழுந்து வந்து சுற்றி நின்று கைதட்டினார்கள்.

“உங்க முதலாளி உடனே ஒத்துக்கிட்டாரா?”

“அவர் நல்லவர்தாங்க. கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்.”

“கொஞ்சமா?” அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

கைதட்டல் கேட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே தன் அறையிலிருந்து வந்த முதலாளி, அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

“அம்மா! நீயா? வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே செஞ்சிருப்பேனே!”

“செஞ்சிருப்பே, அம்மா கேட்டாளேன்னு,” என்றார் அவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. “முகம் தெரியாத ஒருத்தர் கேட்டாலும் என் பிள்ளை செய்வானான்னு எனக்குத் தெரியணும்டா.”