பரீட்சை வண்டி

"சர்டிஃபிகேட்டை எல்லாம் உள்ள வைம்மா. பேப்பரைப் பார்த்து நான் யாருக்கும் வேலை குடுக்கிறதில்ல. அதோ, அந்த வண்டியைப் பாரு."

ஃபோர்மேன் சாவிக்கொத்தை நீட்டினார். பட்டறையின் மூலையில் சாம்பல் நிறக் கார் ஒன்று பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. வேடிக்கை பார்க்க வசதியாக மூன்று மெக்கானிக்குகள் ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்தார்கள்.

"ஸ்டார்ட் ஆகும். உடனே நின்னுடும். நாங்களே வேணும்னு ஒரு தப்பு வச்சிருக்கோம். கண்டுபிடிச்சா வேலை. இல்லேன்னா ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

அவளுக்கு இது நான்காவது பட்டறை. முதல் மூன்றிலும் வண்டியைத் தொடவே விடவில்லை. ஒருவர், "போன் எடுத்து நல்லாப் பேசுவியாம்மா?" என்று கேட்டார். "இன்னைக்காவது கையில கறையோட வா" என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சட்டென்று பிடித்தது. இரண்டே விநாடி. அணைந்தது. மறுபடியும் அப்படியே.

"என்னம்மா, மூச்சு வாங்குதா?"

"எனக்கா சார், வண்டிக்கா?"

டயரில் இருந்த ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

பின்சீட்டைத் தூக்கி பெட்ரோல் பம்ப்பைப் பார்த்தாள். புத்தம் புதுசு. ப்ளக்கைக் கழற்றினாள். அதுவும் புதுசு. பேட்டரியில் ஒட்டியிருந்த தாள்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"தப்பு வைக்கிறதுக்காகவா சார் இவ்வளவு புதுச் சாமான்?"

"உன்னைக் குழப்ப வேண்டாமா? பரீட்சைன்னா சும்மாவா!"

ஏர் ஃபில்டர், குழாய்கள், ஒயர்கள். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. எங்கும் குறை தெரியவில்லை. நாற்காலியில் இருந்த ஃபோர்மேன் எப்போது எழுந்து வந்தாரோ, பானட்டுக்குள் அவள் தலைக்குப் பக்கத்திலேயே தலையை நுழைத்திருந்தார்.

"என்ன சார், பரீட்சை ஹால்ல காப்பியடிக்கிற மாதிரி எட்டிப் பார்க்கிறீங்க?"

"மேற்பார்வைம்மா, மேற்பார்வை!"

மறுபடியும் வண்டிக்குள் உட்கார்ந்தாள். வெயில் மீட்டர் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அணையும் நேரத்தில், சாவி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது.

கொத்தைப் பார்த்தாள். தடித்த தலையுடன் இரண்டு கறுப்புச் சாவிகள்.

"இன்னொண்ணு எந்த வண்டியோடது சார்?"

"அது... வேற காரோடது."

அதை வளையத்திலிருந்து கழற்றித் தூர வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள். இரண்டு விநாடி. பத்து விநாடி. ஒரு நிமிடம். எஞ்சின் அணையவில்லை.

"ரெண்டு சாவியிலயும் சிப் இருக்கு சார். பக்கத்துப் பக்கத்துல இருந்தா வண்டி குழம்பிடும். யாரோ கள்ளச்சாவி போடுறாங்கன்னு நினைச்சு எஞ்சினை நிறுத்திடும். நல்லாத்தான் யோசிச்சு வச்சிருக்கீங்க!"

டயரில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார்.

"ம்... சரியான விடை. திங்கட்கிழமை வந்துடும்மா."

கால் தரையில் பாவாமல் கேட் வரை நடந்தவளுக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்காதது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்தாள். ஃபோர்மேன் முதுகைக் காட்டியபடி போனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க கார் ரெடி! பம்ப், ப்ளக், பேட்டரின்னு மாத்தி மாத்தி பன்னெண்டு நாளா நாலு பேரும் மண்டையை உடைச்சுக்கிட்டோம்... என்ன தப்புன்னு இப்பதான் சார் எங்களுக்கே தெரிஞ்சுது!"