குணமானவள்

மனநல ஆலோசகர் மூன்று வழிகள் சொன்னார். வாரம் ஒருமுறை வந்து மனம்விட்டுப் பேசலாம். மாத்திரை சாப்பிடலாம். இல்லையென்றால், குணமான பிறகு இருக்கப்போகும் சுபத்ராவோடேயே போனில் பேசலாம். மாதக்கணக்காகக் கட்டிலே கதியென்று கிடந்த சுபத்ரா மூன்றாவதைக் கேட்டாள்.

"வீட்ல இருக்கறவங்களும் பேசட்டும். நீங்க தேறினா எப்படி இருப்பீங்கன்னு அவங்களுக்கும் தெரியணும்ல" என்றார் அவர்.

போனில் வந்தது சுபத்ராவின் குரல்தான். நடுக்கம் மட்டும் இல்லை. கணவன் திலீபன் அதனுடன் பேசிச் சிரித்தான். மகள் இனியா அதனிடம் வீட்டுப்பாடம் கேட்டாள். சாப்பிடும்போது சுபத்ராவின் இடத்தில் போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்தார்கள்.

மெல்ல மெல்ல சுபத்ரா உண்மையாகவே தேறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, சேமியா பாயசம் வைத்து, "சாப்பிட வாங்க" என்று தெளிவாகக் கூப்பிட்டாள்.

பால்கனியில் திலீபன் போனில் குரலைத் தாழ்த்தினான். "அவ கூப்பிடறா. அப்புறம் பேசறேன்."

இனியா பாயசத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு சுபத்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, இப்பல்லாம் இவங்களும் அம்மா மாதிரியே பேசறாங்கப்பா."