மராமத்து முடியும் வரை

"இதுல மனுஷன் குளிப்பானாய்யா? நாய்கூட எட்டிப் பார்க்காது" என்று நகராட்சி அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். வீட்டுக்காரர் குளியலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் தரைக்கு மேல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதில் முடிக்கற்றையும் நெளிகிற புழுவும். சுவரெல்லாம் பூஞ்சை, தொட்டால் சுண்ணாம்பு சொதசொதவென்று கையோடு வந்தது.

அந்த வீட்டில் குடியிருந்த நர்ஸ், ஆஸ்பத்திரியில் சீழும் ரத்தமும் பார்த்துப் பழகியவள்தான். அவளுக்கே தினமும் காலையில் அங்கே கால் வைக்கும்போது குமட்டிக்கொண்டு வரும்.

எத்தனை முறை சொல்லியும் வீட்டுக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. "காலி பண்ணிக் குடுங்க, மராமத்து பண்றேன்" என்று ஒரே பாட்டைப் பாடினார். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே நகராட்சியில் புகார் கொடுத்து இந்த அதிகாரியை வரவழைத்திருந்தாள்.

"மராமத்துன்னு சொல்லி ஆளைக் கிளப்பிட்டு, அடுத்தவனுக்கு டபுள் வாடகைக்கு விடற வேலையெல்லாம் இப்ப நடக்காது" என்று அதிகாரி வீட்டுக்காரரைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆள் இருக்கும்போது செய்ய முடியாத வேலைன்னு நான் சொன்னாத்தான் நீ காலி பண்ணச் சொல்லலாம். முடிஞ்சதும் இவங்களையே பழைய வாடகைக்குக் குடி வைக்கணும். புரியுதா?"

"புரியுதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

நர்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஆளை அடக்கவும் ஒருவர் வந்துவிட்டாரே.

அதிகாரி அறை அறையாகப் போய்ப் பார்த்தார். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"சாயங்காலம் இந்தப் பக்கம் காத்து வருமாம்மா?"

"பிச்சுக்கிட்டு வரும் சார். ஃபேனே போட மாட்டோம். இந்த நாத்தத்தைச் சகிச்சுக்கிட்டு இருக்கோம்னா அதுக்காகத்தான்."

"தண்ணி?"

"மாடி வரைக்கும் நல்லா ஏறும் சார். அதுல ஒரு குறையும் இல்ல."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். "குழாய் மொத்தத்தையும் மாத்தணும். தரையை உடைக்காம முடியாது. ஒரு மூணு மாசம் வேற எங்கயாவது இருந்துக்கோங்க. நீங்க திரும்பி வர்றதுக்கு நான் பொறுப்பு." எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று தன் செல்போன் எண்ணையும் கொடுத்தார்.

அவர் படியிறங்கியதும், டாக்ஸி ஓட்டும் அவள் கணவன் முணுமுணுத்தான். "பாத்ரூமை உடைக்கறதுக்கு வீடு முழுக்க எதுக்குக் காலி பண்ணணும்?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அவர் மட்டும் வரலேன்னா காலம் பூரா இந்தப் புழுவோடதான் குடித்தனம்."

போக்கிடம் என்று இருந்தது நாத்தனார் வீடு ஒன்றுதான். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த வீட்டு டிவி அணைந்தால்தான் இவர்களுக்குத் தூக்கம்.

"உன் ஆஸ்பத்திரி யூனிஃபார்மை எங்க துணியோட ஊற வைக்காதே, கிருமி ஒட்டிக்கும்" என்றாள் நாத்தனார், வாளியைக் காலால் தள்ளியபடி.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே துவைத்துக்கொண்டு வந்தாள் நர்ஸ். கொஞ்ச நாள்தானே.

நடுவில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டபோது அவர் அழாத குறையாகப் பேசினார். "அந்த ஆபீசர் என் உசுரை வாங்கறாரும்மா. வாரா வாரம் வந்து நிக்கறாரு. டைல்ஸ் வழுக்கக் கூடாதாம், குழாய் நல்ல கம்பெனியா இருக்கணுமாம்."

"பார்த்தீங்களா, நமக்காக அந்த மனுஷன் எப்படி அலையறாரு" என்று அன்று கணவனிடம் இடித்துக் காட்டினாள்.

மூன்று மாதம் முடிந்தது. பெயிண்ட் காயவில்லை என்றார் வீட்டுக்காரர். பிறகு கரண்ட் வேலை பாக்கி என்றார். அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒருநாள் டியூட்டி முடிந்த கையோடு நர்ஸ் நேராக அங்கேயே போனாள். அதே கட்டடத்தில் கீழே குடியிருந்தவர்களையும் காணோம். கதவுகளைக் கழற்றி, தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். எல்லோரையும் கிளப்பிவிட்டானா, பாவி? மாடியில் அவள் வீட்டு ஜன்னலில் மட்டும் புதுத் திரைச்சீலை தொங்கியது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மராமத்து முடிந்து, வேறு யாருக்கோ வீட்டை விட்டாயிற்று. நாத்தனார் வீட்டில் மென்று விழுங்கிய ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் வந்து நின்றது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கதவைத் தட்ட ஓங்கிய கையை இறக்கினாள். இவர்களிடம் கத்தி என்ன ஆகப் போகிறது? அந்த அதிகாரியையே வரவழைத்து, வீட்டுக்காரன் சட்டையைப் பிடிக்க வேண்டும். அவருடைய எண்ணைத் தேடி அழுத்தினாள்.

ரிங் போனது. கதவுக்கு உள்ளேயும் ஒரு போன் அடித்தது.

செல்லைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உற்றுக் கேட்டாள். உள்ளே இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. சத்தம் அப்படியே நெருங்கி வந்தது, தாழ்ப்பாள் விலகியது.

வெறும் பனியனோடு, ஈரத் தலையைத் துவட்டியபடி, அடிக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரி நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"உள்ள வராதீங்கம்மா, இப்பத்தான் தரை துடைச்சிருக்கு."