நான்காம் கூம்பு

பழைய கார்க் கழகத்தின் போட்டியில் வேகம் மட்டும் போதாது. மைதானத்தில் வைத்த கூம்புகளைத் தொடாமல், சொன்ன வரிசையில் முன்னும் பின்னுமாக வளைந்து வர வேண்டும். எஸ்தர் தன் ஃபியட்டில் மூன்று வருடமாக முதல் பரிசு வாங்கியவள்.

இன்று நான்காம் கூம்பில் வரிசை மறந்துபோய், ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். கார் இடப்பக்கம் போனது. அதுதான் சரியான வழி.

"பிரமாதம்!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தேவசகாயம்.

"ஏனுங்க, நான் வலப்பக்கந்தான ஒடிச்சேன்?"

"உனக்கு எடது வலது எப்பத்தான் தெரிஞ்சிருக்குது?"

விபத்தைத் தடுக்க வண்டியைத் தானே திருப்பும் காவல்பெட்டியை எல்லா வண்டிக்கும் அரசாங்கம் பொருத்தி மூன்று வருடமாகிறது. ஆள் குறுக்கே வந்தால் மட்டுமே அது தலையிடும் என்றார்கள். எஸ்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த சுற்றில் கூம்பைக் குறிவைத்தே ஓட்டினாள். கார் அழகாக விலகியது. கூட்டம் கைதட்டியது. கடைசிச் சுற்றில் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அன்றைக்கு யாரும் அவ்வளவு சீக்கிரம் முடிக்கவில்லை.

"அப்ப வீட்ல இருக்கிற மூணு கப்பும்?" என்றாள். தேவசகாயம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

அவள் இறங்கி, நான்காம் கூம்பு வரை நடந்துபோய், அதைக் காலால் உதைத்துத் தள்ளினாள்.

நடுவர் ஓடிவந்தார். "என்னம்மா இது? கூம்பு சாஞ்சா அஞ்சு விநாடி கூடும், தெரியுமல்ல?"

"தெரியுமுங்க," என்றாள் எஸ்தர். "இதையாச்சும் என்ற பேர்லயே எழுதுங்க."